நான் சாதாரண ஆள், எனக்கு எதற்கு வெப்சைட்? – கேள்வி பதில்

சொந்த வெப்சைட்டில் ‘என்னைப் பற்றி’ என்று தலைப்புப் போட்டதும் பலருக்குக் கை நின்றுவிடுகிறது. பத்து வருடமாக அந்தப் பக்கத்தை எழுதி முடிக்கக் கூட இருந்து உதவுவதுதான் என் வேலை. வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கேள்வி: அக்கா, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 14 வருடமாக ஏற்றுமதி டாகுமென்டேஷன் பார்க்கிறேன். வெப்சைட் போட்டால் சின்ன யூனிட்களின் வேலையும் வரும் என்கிறான் நண்பன். எழுத ஒன்றுமே இல்லை. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் போடுகிறேன், அவ்வளவுதான். இதில் பெருமையாகச் சொல்ல என்ன இருக்கிறது?

பதில்: பெருமையாகச் சொல்ல வேண்டாம் தம்பி, நடப்பதைச் சொல்லுங்கள். எல்.சி.யில் (காகிதங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி தரும் உறுதிக் கடிதம்) இருக்கும் பெயர் பில் ஆஃப் லேடிங்கில் (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது) வேறு மாதிரி இருந்தால் வங்கி ‘டிஸ்கிரிபன்சி’, அதாவது முரண்பாடு, என்று சொல்லிப் பணத்தை நிறுத்தும். சரக்கு அதற்குள் தூத்துக்குடியை விட்டுப் போயிருக்கும். எல்.சி.யில் வேறு கெடு சொல்லாவிட்டால், கப்பல் ஏறிய நாளிலிருந்து 21 நாளுக்குள் காகிதங்களைக் கொடுக்க வேண்டும். அவற்றைப் பார்த்து முடிவு சொல்ல வங்கிக்கு ஐந்து வேலை நாள் வரை உண்டு. எல்.சி.க்கான சர்வதேச விதித் தொகுப்பான யு.சி.பி. 600 சொல்வது இது. உங்களுக்கு இதெல்லாம் தூக்கத்திலும் தெரியும். முதல் ஆர்டரை இப்போதுதான் பிடித்திருக்கும் யூனிட்காரருக்குத் தெரியாது, அவர் ராத்திரி பதினொரு மணிக்குப் பயத்தோடு தேடிக்கொண்டிருப்பார்.

14 வருடம் செய்ததால்தான் அது உங்களுக்கு ஒன்றுமில்லாததாகத் தெரிகிறது. ‘கடின உழைப்பாளி’, ‘அர்ப்பணிப்பு மிக்கவர்’ எல்லாம் எடுத்துவிடுங்கள், அவற்றை யாரும் நம்புவதில்லை. நீங்கள் அடிக்கடி பார்க்கும் பிழைகள் நான்கைந்தை எழுதுங்கள், அவற்றை எந்தக் கட்டத்தில் பிடிப்பீர்கள் என்றும் எழுதுங்கள். கம்பெனியின் பெயரோ வாடிக்கையாளர் பெயரோ வர வேண்டாம். பகுதி நேர வேலைக்கு முதலாளியின் சம்மதத்தையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: அம்மா, நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியன். ஆன்லைனில் யாப்பு (செய்யுள் இலக்கணம்) வகுப்பு நடத்த ஆசை. ‘வியவற்க எஞ்ஞான்றும் தன்னை’, எப்போதும் தன்னைத் தானே வியந்துகொள்ளாதே, என்ற குறளை முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன், இப்போது என்னைப் பற்றி நானே எழுதுவது சரியா?

பதில்: ஐயா, நீங்கள் நடத்திய நன்னூலிலேயே பதில் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர், எத்தனை துறை முடித்திருந்தாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்று சொல்லிவிட்டு, அடுத்த நூற்பாவிலேயே நான்கு இடங்களில் தகும் என்கிறார். அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவில், அவையில் வாதிட்டு வெல்லும்போது, எதிராளி பழிக்கும்போது. இரண்டாவது இடத்தைப் பாருங்கள்: ‘தன்னுடை ஆற்றல் உணரார் இடையினும்’. வெப்சைட்டைத் திறக்கும் முன்பின் தெரியாத ஒருவருக்கு உங்களைப் பற்றி என்ன தெரியும்? நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்குச் சொல்ல ஆளில்லை.

குறள் தடுப்பது தன்னைத் தானே வியப்பதை. ‘வெண்பாவில் தளை தட்டும் இடத்தைக் கண்டுபிடிக்கக் கற்றுத் தருகிறேன், வாரம் இரண்டு வகுப்பு, முன்பயிற்சி தேவையில்லை’ என்று எழுதினால் அதில் வியப்பு எங்கே இருக்கிறது? எனக்கு இந்தக் கேள்வி மிகவும் பிடித்தது. வகுப்பு தொடங்கும்போது சொல்லுங்கள், நானும் சேர்கிறேன்.

கேள்வி: நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். மற்ற டெஸ்டர்களின் பக்கங்களைப் பார்த்தால் விருது, மாநாட்டுப் பேச்சு என்று நிறைந்திருக்கிறது. எனக்கு மூன்று வருட அனுபவம்தான். தன்னைத் தானே போலி என்று நினைப்பதை இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்கிறார்களே, இதுதான் அதுவா அக்கா?

பதில்: இருக்கலாம், ஆனால் அந்தப் பெயரை உடனே ஒட்டிக்கொள்ள வேண்டாம். 1978இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் இந்த எண்ணத்தைப் பற்றி முதலில் எழுதியது, நிறையச் சாதித்த பிறகும் தங்களைப் போலி என்று நினைத்த பெண்களைப் பற்றி. மூன்று வருடக்காரர் ‘எனக்கு இன்னும் நிறையத் தெரியாது’ என்பது பெரும்பாலும் சரியான கணக்குதான். அதை மறைக்காமல் எழுதுங்கள். நீங்கள் பிடித்த ஒரு பிழை, அதை எப்படிப் பிடித்தீர்கள், மற்றவர்கள் ஏன் தவறவிட்டார்கள். ஆட்களைத் தேர்வு செய்பவர்களுக்கு அந்த ஒரு கதை போதும்.

கேள்வி: ஃபேஸ்புக் பக்கம் இருக்கிறதே, போதாதா?

பதில்: அதை மூட வேண்டாம். ஆனால் இலவசமாக வெப்சைட் போட இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009இல் போனது, ஃபேஸ்புக் மாதிரியே இருந்த ஆர்குட் 2014 செப்டம்பர் 30 அன்று போனது. சொந்த டொமைனில் (உங்கள் பெயரில் வாங்கிய வெப்சைட் முகவரி) இருந்தால், இடம் மாறும்போது எழுதியதை எடுத்துக்கொண்டு போகலாம்.

கேள்வி: போட்டோ கட்டாயமா? எனக்குப் பிடிக்கவில்லை.

பதில்: இல்லை. வேலை செய்யும் கையோ மேசையோ போதும்.

கேள்வி: சொந்தக்காரர்கள் கிண்டல் செய்வார்களே?

பதில்: செய்வார்கள். நான் முதலில் என் பெயரில் பக்கம் போட்டபோது, ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் வைத்தே ‘உனக்கெல்லாம் வெப்சைட்டா?’ என்று கேட்டார் ஒருவர். வீட்டுக்கு வந்ததும் பக்கத்தை எடுத்துவிட்டேன். அழுகையே வந்துவிட்டது. ஒரு வாரம் கழித்துத் திரும்பப் படித்தபோது ‘சிறந்த’ என்ற சொல் நான்கு இடத்தில் இருந்தது. அதை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினேன். கூச்சமே இல்லாமல் படிக்க முடிந்தது.

கேள்வி: மதுரையில் ப்ளவுஸ் தைக்கிறேன். எங்கள் தெருவிலேயே நான்கு தையல் கடை. என்னை யார் அக்கா தேடப் போகிறார்கள்?

பதில்: உங்கள் தெருவில் கடை இருந்தும் வேறு தெருவிலிருந்து உங்களிடம் வருகிறவர்கள் யார்? அவர்களிடம் ஏன் என்று கேளுங்கள். உள்தையல் தாராளமாக விடுவதால் பிறகு பிரித்துப் பெரிதாக்க முடிகிறது என்று ஒருவர் சொல்லலாம். அளவு ப்ளவுஸ் இல்லாமலே பொருந்துகிறது என்று இன்னொருவர் சொல்லலாம். அவர்கள் சொன்ன வார்த்தையை அப்படியே, அவர்களிடம் கேட்டுவிட்டு, முதல் வரியாகப் போடுங்கள். அதற்குக் கீழே கூலி, எத்தனை நாளில் கிடைக்கும், முகூர்த்த மாதங்களில் எவ்வளவு முன்னால் கொடுக்க வேண்டும். அப்புறம் கடை திறக்கும் நேரம்.