ஈறில் ரத்தம் வந்தால் அந்த இடத்தைத் துலக்காமல் விடலாமா?

கேள்வி: எனக்கு வயது 42. பல் துலக்கித் துப்பும்போது ரத்தம் கலந்து வருகிறது. கீழ்வரிசை முன்பற்களில்தான் அதிகம். பயந்துபோய் அங்கே பிரஷ் படாமல் பார்த்துக்கொள்கிறேன். சிவப்புப் பல்பொடிக்கு மாறினால் ஈறு இறுகும் என்கிறார்கள். கிளீனிங் செய்தால் பல் ஆடிவிடும் என்றும் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: அந்த இடத்தை விட்டுவைத்ததுதான் தவறு. ஈறு ஓரத்தை நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி ஒட்டிக்கொண்டு வருகிறதே, அது கிருமிப் படலம். அது படிந்தே கிடப்பதால் ஈறு வீங்கி, லேசாகப் பட்டாலே கசிகிறது. நீங்கள் தொடாமல் விட விட, படலம் தடிக்கும், ரத்தமும் கூடும்.

கீழ் முன்பற்களுக்குப் பின்னால், நாக்கின் அடியில் எச்சில் சுரப்பியின் வாய் திறக்கிறது. எச்சிலில் உள்ள சுண்ணாம்புச்சத்து படலத்தில் இறங்கி, இரண்டு மூன்று நாளிலேயே இறுக ஆரம்பிக்கும். நாக்கு நுனியால் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று இருந்தால் அது காரை. எந்த பிரஷ்ஷாலும் காரையை எடுக்க முடியாது.

இன்று இரவே 'சாஃப்ட்' என்று போட்ட பிரஷ்ஷுக்கு மாறுங்கள். ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட் பட்டாணி அளவு போதும். விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்குப் பிதுக்குவது ட்யூப் சீக்கிரம் தீர்வதற்காக! முஷ்டியில் பிடிக்காமல் பேனா பிடிப்பதுபோல் பிடியுங்கள். அழுத்தம் தானாகக் குறையும். நார் பாதி பல்லிலும் பாதி ஈறு ஓரத்திலும் படும்படி 45 டிகிரி சாய்த்து, இரண்டிரண்டு பல்லாக, இருந்த இடத்திலேயே பத்துத் தடவை சின்னச் சின்னதாக அசைத்துவிட்டு, ஈறிலிருந்து பல் நுனி நோக்கி வழித்துவிடுங்கள். கீழ் முன்பற்களின் உள்பக்கத்துக்குப் பிரஷ்ஷை நெட்டாக நிறுத்தி முனை நாரால் தேய்க்க வேண்டும். மொத்தம் இரண்டு நிமிடம், காலையும் இரவும். முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும். தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃப்ளோரைடு போய்விடும்.

முதல் சில நாள் ரத்தம் வரத்தான் செய்யும். நிறுத்தாதீர்கள். ஒரு வாரம், பத்து நாளில் குறையும். இரண்டு வாரமாகியும் நிற்கவில்லை என்றால் காரையை எடுத்தே ஆக வேண்டும்.

பல்பொடி வேண்டவே வேண்டாம். ஈறு இறுகியதுபோல் தோன்றுவது அதிலுள்ள துவர்ப்பால். அடியில் படலம் அப்படியே இருக்கும். விரல் ஈறு ஓரத்துக்குள் போகாது. செங்காவி கலந்த சொரசொரப்பான பொடி பல்லின் கழுத்தை அரித்துப் பள்ளமாக்கும். பிறகு குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கூசும். பற்பொடியில் புகையிலை கலப்பதை 1992-லேயே மத்திய அரசு தடை செய்தது. இன்றும் சில பொடிகளில் கலக்கிறார்கள், பிடிப்பார் இல்லை. தெருவோரம் 'பத்து நிமிடத்தில் வெள்ளை' என்று பஞ்சில் தொட்டுத் தடவுகிறவர்களிடம் வாயைத் திறக்கவே திறக்காதீர்கள். அது அமிலம். கறையோடு எனாமலும் கரையும்; எனாமல் திரும்ப வளராது.

கிளீனிங்கால் பல் ஆடாது. காரை சேரச் சேர அடியில் எலும்பு தேய்கிறது. தளர்ந்த பற்களை அந்தக் காரையே சிமெண்ட் போலப் பிடித்து வைத்திருக்கும். அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் தெரிகிறது, அவ்வளவுதான். சில நாள் கூச்சம் இருக்கும். கிளீனிங்குக்குப் போனவரிடம் கையோடு நாலைந்து பல்லுக்கு 'கேப்' (பல்லின் மேல் மாட்டும் உறை) போடச் சொன்னால், எந்தப் பல், ஏன் என்று எக்ஸ்ரேயில் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. இதயத்துக்காகவோ பக்கவாதத்துக்காகவோ ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் என்று ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? ரத்தம் நிற்க நேரமாகும். ஆனால் கசிவைத் தொடங்கி வைப்பது பெரும்பாலும் அதே படலம்தான். அதனால் துலக்குவதை விடக் கூடாது. மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. ஸ்டென்ட் (ரத்தக் குழாய் அடைபடாமல் உள்ளே வைக்கும் சிறு குழாய்) வைத்தவர் நிறுத்தினால் ரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்து. மருந்துச் சீட்டைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். வார்ஃபரின் என்றால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனையின் அண்மை ரிப்போர்ட்டும் வேண்டும்.

செலவுக்கு யோசிப்பது புரிகிறது. பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் கிளீனிங்குக்குப் பைசா தராது. இலவச முகாம்களில் பிரஷ் கொடுத்துப் போட்டோ எடுப்பார்கள், எப்படிப் பிடிப்பது என்று காட்ட ஆள் இருக்காது. சென்னையிலும் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.