இருதலைக் கழுகு யாருக்கு உரியது?

கேள்வி: நடு ஐரோப்பாவில் இருந்த புனித ரோமானியப் பேரரசின் சின்னத்தில் கழுகு சில இடங்களில் ஒரு தலையுடனும், சில இடங்களில் இரு தலைகளுடனும் காணப்படுவது ஏன்?

பதில்: பதவியின் படிநிலையே காரணம். தேர்வுரிமை பெற்ற இளவரசர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் முதலில் ‘ரோமானியர்களின் அரசர்’ மட்டுமே. இடைக்காலத்தில் போப்பின் முன்னிலையில் முடிசூடிய பின்னரே அவர் பேரரசர் எனப்பட்டார். 1433இல் ரோமில் முடிசூடிய சிகிஸ்மண்டின் காலத்திலிருந்து, பொன்னிறப் பின்னணியில் அமைந்த கரிய இருதலைக் கழுகு பேரரசருக்கும், ஒருதலைக் கழுகு அரசருக்கும் உரியன என்ற மரபு நிலைபெற்றது. அதற்கு முன்னரும் இருதலைக் கழுகு ஆங்காங்கே தோன்றியதுண்டு. ஆனால் விதியாக அன்று.

கேட்காவிட்டாலும் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. என் பார்வையில் கழுகைவிட வியப்புக்குரியது இப்பேரரசர்களின் முடிசூட்டு மேலங்கியே. சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜருக்காகப் பலெர்மோ அரண்மனைப் பட்டறையில் உருவான அந்தச் சிவப்புப் பட்டாடையில், ஒட்டகங்களை வீழ்த்தும் சிங்கங்கள் பொன்னிழையாலும் முத்துகளாலும் பொறிக்கப்பட்டுள்ளன, அதன் விளிம்பிலோ, ஹிஜ்ரி 528 (கி.பி. 1133-34) எனக் காலம் குறிக்கும் அரபு வாசகம் ஓடுகிறது. கிறிஸ்தவ உலகின் தலைவராகத் தம்மைக் கருதிக்கொண்ட பேரரசர்கள் பல நூற்றாண்டுகள் முடிசூட்டு விழாவில் இதையே அணிந்தனர். பேரரசின் எண்கோண மணிமுடியோடு இந்த மேலங்கியையும் இன்று வியன்னாவின் ஹோஃப்பர்க் அரண்மனைக் கருவூலத்தில் காணலாம்.