போருக்குப் பிந்தைய பிரிட்டனில் குழந்தைகளுக்குப் பொழுதுபோக்கு எது: ரேடியோவா, தெரு விளையாட்டா?

நான் அந்தக் காலத்து ஆள் இல்லை, பிரிட்டனில் பிறந்தவனும் இல்லை. ஆனால் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் 1939ல் பிறந்தவர். சனிக்கிழமைதோறும் அவரையும் அவர் மனைவியையும் காரில் கடைக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பு. காரில் ரேடியோ போட்டால் போதும், கதை ஆரம்பித்துவிடும். ஆகவே இந்தப் பதிலில் பாதி அவர் சொன்னது, மீதி நான் அப்புறம் தேடிப் படித்தது. (பெரியவர் என்று இங்கே எழுதுகிறேன். நேரில் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது அவர் கட்டளை. எண்பது தாண்டியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட என் நாக்குக்கு ஒரு வருஷம் பிடித்தது.)

உங்கள் கேள்வியையே அவரிடம் கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார். சாயங்காலம் ரேடியோவில் கேட்டதை மறுநாள் தெருவில் விளையாடினார்களாம், அவ்வளவுதான்.

கேட்டது என்றால் முக்கியமாக டிக் பார்ட்டன். 1946 அக்டோபரில் பிபிசியின் பொழுதுபோக்கு வானொலியான லைட் புரோகிராமில் தொடங்கிய துப்பறியும் தொடர். திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 6.45க்கு, கால் மணி நேரம். முன்னாள் ராணுவ வீரரான பார்ட்டன், கூட்டாளிகள் ஜாக், ஸ்னோயி. ஒவ்வொரு நாளும் கதாநாயகன் தப்பவே முடியாத இடத்தில் மாட்டியிருக்கும்போது முடித்துவிடுவார்கள். உச்சத்தில் ஒன்றரைக் கோடிப் பேர் கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று பெரியவர்கள் புலம்ப, கதையில் கெட்ட வார்த்தை வரக்கூடாது என்பது உட்பட ஒரு பெரிய விதிப்பட்டியலே பிபிசி போட்டது. குதிரை பாய்ச்சலில் வருவது மாதிரி ஒரு முகப்பிசை. அது கேட்டதும் தெருவே காலியாகிவிடுமாம்.

அவர் வீட்டில் அப்போது மின்சாரம் கிடையாது, கேஸ் விளக்குதான். அப்படியானால் ரேடியோ எப்படி ஓடியது? இது எனக்குப் புதுச் செய்தி. உள்ளே இரண்டு வகை பேட்டரி. ஒன்று பெரிய உலர் பேட்டரி. அது தீர்ந்தால் புதிதாகத்தான் வாங்க வேண்டும், விலையும் ஜாஸ்தி. இன்னொன்று கண்ணாடி ஜாடிக்குள் ஈயத் தகடும் கந்தக அமிலமும் உள்ள இரண்டு வோல்ட் அக்யுமுலேட்டர். அதை வாரம் ஒருமுறை சைக்கிள் கடையில் கொடுத்து சார்ஜ் ஏற்றி வர வேண்டும். ஒன்று ரேடியோவில், மாற்று ஜாடி கடையில். தூக்கிக்கொண்டு போவது யார்? வீட்டுப் பையன்தான். ஏழு வயதுப் பையன் கையில் ஆசிட் ஜாடி! ஆடினால் டிரவுசரில் ஓட்டை. அவருக்கு இரண்டு டிரவுசர் போயிருக்கிறது. துணிக்கும் கூப்பன் இருந்த காலம், அம்மா அடி பின்னிவிட்டாராம்.

பேட்டரியைக் காப்பாற்ற வேண்டுமே, அதனால் ரேடியோ சும்மா ஓடாது. அப்பாவுக்குச் செய்தி, பிள்ளைகளுக்கு பார்ட்டன், ஞாயிறு மதியம் ஜெர்மனியில் இருந்த பட்டாளத்துக்காரர்களுக்கும் ஊரிலிருக்கும் குடும்பங்களுக்கும் பாட்டுப் போடும் நிகழ்ச்சி. முடிந்ததும் அப்பா எழுந்து அணைத்துவிடுவார். வார நடுவில் ஜாடி சார்ஜ் இறங்கி, பார்ட்டன் குரல் தேய்ந்து தேய்ந்து நின்றுபோன ஒரு நாளை இன்றைக்கும் துக்கமாகத்தான் சொல்கிறார்.

அப்படி நின்றுபோனால், மிச்சக் கதையை, கேட்டிருந்த பையன்கள் மறுநாள் நடித்துக் காட்டுவார்கள். மேடை, குண்டு விழுந்த மனை. 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் விமானங்கள் கவன்ட்ரியை எரித்தன. போர் முடிந்து பல வருஷம் கழித்தும் இடிபாடுகள் அப்படியே கிடந்தன. கூரை போன வீடு வில்லனின் கோட்டை, நிலவறை அவன் சுரங்கம். போகாதே என்று வீட்டில் சொல்வார்கள், இவர்கள் போவார்கள். யார் பார்ட்டன் என்பதில்தான் சண்டை. கோலிக்குண்டு எறிவதில் வென்றவன் பார்ட்டன், கடைசியில் வந்தவன் வில்லன்.

மற்ற விளையாட்டுகள் எல்லாம் நமக்குத் தெரிந்தவைதான். கோலி, பாண்டி, துணி காயப்போடும் கயிற்றில் ஸ்கிப்பிங், அஞ்சாங்கல் கூட உண்டு. நமக்கு இல்லாதது கான்கர்ஸ். இலையுதிர் காலத்தில் விழும் குதிரைச் செஸ்ட்நட் கொட்டையில் ஓட்டை போட்டு, கயிற்றில் கோத்து, எதிராளியின் கொட்டை உடையும் வரை மாறி மாறி அடிப்பது. கொட்டை கல்லாக வேண்டுமென்று வினிகரில் ஊறவைத்து அடுப்பில் சுடுவது திருட்டாட்டம். அவர் செய்ததில்லையாம். அவர் மனைவி பின் சீட்டிலிருந்து சிரித்தார்.

பந்தயப் பொருளும் கோலியும் கான்கரும்தான், ஏனென்றால் மிட்டாய் ரேஷனில் இருந்தது. 1949 ஏப்ரலில் ரேஷனை எடுத்தார்கள், கடைகள் துடைத்தெடுத்த மாதிரி ஆகிவிட்டன, ஆகஸ்டில் திரும்பப் போட்டுவிட்டார்கள். நிரந்தரமாக நீங்கியது 1953 பிப்ரவரியில். அதற்குள் அவருக்கு மீசை அரும்பத் தொடங்கிவிட்டது.

1950ல் பீட்டர் பிரஃப் என்பவர் உதட்டை அசைக்காமல் பொம்மையைப் பேசவைக்கும் நிகழ்ச்சி வந்தது. ரேடியோவில்! உதடு அசைகிறதா இல்லையா என்று யார் பார்க்கப்போகிறார்கள்? ஆனாலும் லட்சக்கணக்கானோர் கேட்டார்கள். பெண்பிள்ளைகள் பழைய காலுறையில் பட்டன் தைத்து அதைப் பேசவைத்தார்களாம். இது அவர் மனைவி சொன்னது. டிவி அவர்கள் தெருவுக்கு 1953ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்கு வந்தது, ஒரே ஒரு வீட்டுக்கு.

டிக் பார்ட்டன் 1951 மார்ச்சோடு முடிந்தது. அந்த 6.45ஐ பிபிசி ஒரு விவசாயக் குடும்பத்துக் கதைக்குக் கொடுத்தது. தி ஆர்ச்சர்ஸ். மறுநாள் தெருவில் என்னத்தை விளையாடுவது? மாடு கறப்பதையா? என்று கேட்கிறார் பெரியவர். அந்தத் தொடர் இன்னமும் ஓடுகிறது, இப்போது இரவு ஏழு மணி வாக்கில். அவர் மனைவி ஒரு நாள் விடாமல் கேட்பார். அந்த முகப்பிசை வந்ததும் இவர் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார். மழை பெய்தால் தோட்டக் கொட்டகையில் உட்கார்ந்திருப்பார்.