வாக்கி-டாக்கி வாங்கிவிட்டேன், நான் ஹாம் ஆகிவிட்டேனா?

தண்டையார்பேட்டை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஆன்லைனில் ஒரு வாக்கி-டாக்கி வாங்கினேன். ஹாம்கள், அதாவது பொழுதுபோக்காக லைசென்ஸ் எடுத்து ரேடியோவில் பேசுபவர்கள், வைத்திருப்பதும் இதுதானாம். லைசென்ஸ் எடுத்தால் போதுமா? புள்ளியும் கோடுமாகச் செய்தி அனுப்பும் மோர்ஸ் தெரியாதவன் உண்மையான ஹாமே இல்லை என்கிறார் ஒரு பெரியவர். எங்கிருந்து தொடங்குவது?"

முதலில், அந்த செட்டில் பேசுவதற்கு அழுத்தும் பிடிடி பட்டனைத் தொடாதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் டிரான்ஸ்மிட் செய்வது குற்றம். உங்கள் பகுதியில் அது ஆபத்தும்கூட. இப்படிப்பட்ட செட்டுகள் பலவும் 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை எங்கே வைத்தாலும் டிரான்ஸ்மிட் செய்யும். அதில் ஹாம்களுக்கு உள்ள இடம் 144 முதல் 146 வரைதான். கடலில் ஆபத்தென்றால் படகுகளும் கப்பல்களும் உதவிக்குக் கூப்பிடும் 16ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் பக்கத்தில் இருந்துகொண்டு அங்கே விளையாட்டுக்குக்கூட நுழையக் கூடாது.

லைசென்ஸ் தருவது மத்தியத் தொலைத்தொடர்புத் துறையில் ரேடியோ அலைவரிசைகளை நிர்வகிக்கும் டபிள்யூபிசி பிரிவு. 12 வயது நிரம்பியிருந்தால் தேர்வு எழுதலாம். அடிப்படை எலெக்ட்ரானிக்ஸும் விதிமுறைகளும் கேட்பார்கள். ரெஸ்ட்ரிக்டட் கிரேடு என்ற தொடக்கநிலை லைசென்ஸுக்கு மோர்ஸ் வேண்டாம். ஜெனரல் கிரேடுக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் வேண்டும்.

அதனால் பெரியவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. ஆனாலும் மோர்ஸ் கற்றுக்கொள்ளுங்கள். மோர்ஸ் சிக்னல் மிகக் குறுகிய அலைவரிசைக்குள் அடங்குவதால், பேச்சு இரைச்சலில் மூழ்கிப்போகும் தூரத்துக்கும் 5 வாட்டில் போய்ச் சேரும். அதை ஒருமுறை கேட்டுவிட்டால் விடமாட்டீர்கள்.

சரி, உண்மையான ஹாம் யார்? அவர் காதைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பேன். கூப்பிடும் முன் அந்த அலைவரிசையில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுக் காத்திருப்பார். பலர் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் பலவீனமான சிக்னலுக்கு முதலில் வழி விடுவார். சிக்னல் ரிப்போர்ட்டை நேர்மையாகக் கொடுப்பார். இதை நான் பெரிதாக நினைக்கிறேன். எதிர்முனையில் இருப்பவரின் பெயரை மூன்று தடவை கேட்டு வாங்கிவிட்டு, மரியாதைக்கு "59" என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் நிறைய. 59 என்றால் பேச்சு தெளிவாகவும் (5) சிக்னல் பலமாகவும் (9) இருக்கிறது என்று அர்த்தம். அவர் அதை நம்பி ஆன்டெனாவைச் சரிபார்க்காமல் விட்டுவிடுவார். 33 என்றால் 33 என்றே சொல்லுங்கள்.

இந்த ஒழுங்கு பொழுதுபோக்கோடு முடிவதில்லை. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் அந்தமானின் போர்ட் பிளேருக்குப் போனது உலக ஹாம்களோடு பேசுவதற்காக. 26ஆம் தேதி சுனாமி அடித்துத் தொலைபேசிகள் முடங்கியதும், அங்கிருந்தே ரேடியோ மூலம் அந்தமான் மக்களைப் பற்றிய செய்திகளை வெளியே அனுப்பினார். தினமும் ரேடியோவில் பழகிய கையும் காதும் இருந்ததால்தான் அது முடிந்தது.

ஆக, இன்றே கேட்கத் தொடங்குங்கள். இணையத்தில் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் வெப்எஸ்டிஆர் ரிசீவர்களில் காலை வேளையில் 7 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை தேடினால் நம் நாட்டு ஹாம்கள் அகப்படுவார்கள். அப்புறம் தேர்வு. லைசென்ஸ் வந்ததும் 40 மீட்டர் பேண்ட் எனப்படும் அந்த 7 மெகாஹெர்ட்ஸ் பகுதிக்கு மொட்டைமாடியில் ஒரு டைபோல், அதாவது நடுவில் கேபிள் இணைத்த கம்பி ஆன்டெனா, கட்டுங்கள். மொத்தம் ஏறக்குறைய 20 மீட்டர் கம்பி. நெருக்கமான வீடென்றால் நடுப்பகுதியைக் கம்பத்தில் உயர்த்தி இரண்டு பக்கமும் சரித்துவிடலாம். ஈபி லைன் பக்கம் மட்டும் போகவே கூடாது. கம்பி அறுந்து விழுந்தாலும் லைனைத் தொடாத தூரம் வேண்டும். கடற்காற்றின் உப்பு சால்டர் இணைப்புகளை அரித்துவிடும் என்பதால் தண்ணீர் புகாத ரப்பர் டேப் சுற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி கேட்கும் முன்பே ஆன்டெனாவிலிருந்து வரும் கோஆக்ஸ் கேபிளை ரேடியோ செட்டிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.