அக்காவிடம் கேளுங்கள்: ஒல்லிப் பெண்ணும் பேஸ் பாட்டும்

கே: அக்கா, என் மகள் குன்னூரில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஆண்டு விழாவுக்கு அவளும் தோழிகளும் 'ஆல் அபவுட் தட் பேஸ்' என்ற ஆங்கிலப் பாட்டுக்கு ஆடுகிறார்கள். குண்டாக இருப்பவர்களுக்குத் தைரியம் சொல்லும் பாட்டு என்று டீச்சரே தேர்ந்தெடுத்தாராம். என் மகள் நல்ல ஒல்லி. "இது எங்க பாட்டு, நீ பின்னாடி நில்லு" என்று தோழிகள் விளையாட்டாகச் சொன்னதிலிருந்து ஒத்திகைக்குப் போக மாட்டேன் என்கிறாள். இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டுமா, விட்டுவிடலாமா?
- ஒரு தாய், குன்னூர்

ப: பெரிதாகவே எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் பள்ளிக்குச் சண்டைக்குப் போய்விடாதீர்கள். உங்கள் கடிதம் வந்த அன்று அந்தப் பாட்டை நாலைந்து தடவை போட்டுக் கேட்டேன். மூன்றாவது தடவை அடுப்படியில் கால் தானாக ஆட ஆரம்பித்துவிட்டது, அதையும் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

மெகன் ட்ரெய்னர் என்ற அமெரிக்கப் பெண் 2014-ல் பாடியது. மாசசூசெட்ஸ் பக்கம் நான்டக்கெட் என்று ஒரு தீவு, அந்த ஊர்க்காரர், அப்போது வயது 20. கெவின் கேடிஷ் என்பவரோடு சேர்ந்து எழுதினார். பில்போர்டு என்ற அமெரிக்கப் பாட்டுத் தரவரிசைப் பட்டியலில் எட்டு வாரம் முதலிடம், கிராமி இசை விருதுக்கு இரண்டு பரிந்துரை என்று ஒரே பாட்டில் எங்கேயோ போய்விட்டார். பாட்டில் ஒரு சிலேடை இருக்கிறது. பேஸ் என்றால் அடியில் உறுமுகிற கனத்த ஒலி, ட்ரெபிள் என்றால் மேலே கீச்சென்று கேட்கிற மெல்லிய ஒலி. எனக்கு பேஸ்தான் எல்லாம், ட்ரெபிள் கிடையாது என்கிறார், அதாவது பின்பக்கம் கொஞ்சம் கனம், அதனாலென்ன என்கிறார். (மொபைலில் கேட்டால் அந்த பேஸ் பாதிகூட வராது, சின்ன ஸ்பீக்கருக்கு அவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தள்ளத் தெம்பு கிடையாது. விழாவுக்குப் பெரிய பெட்டியாக வாடகைக்கு எடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மேடையில் வெறும் ட்ரெபிள்தான் கேட்கும், பாட்டே கேலியாகிவிடும்.)

பத்திரிகைப் படங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் செதுக்கித்தான் போடுகிறார்கள், அது நிஜமில்லை என்றும் ஒரு வரி வருகிறது. இதுவரைக்கும் எனக்கும் பாட்டுக்கும் தகராறு இல்லை. எனக்கு இடறுவது அம்மா சொன்னதாக வரும் இடம். உடம்பைப் பற்றிக் கவலைப்படாதே, பையன்களுக்குக் கொஞ்சம் சதைப்பிடிப்பு இருந்தால்தான் பிடிக்கும் என்று அந்த அம்மா மகளுக்குச் சொல்கிறாள். அடுத்து மெகன் ஒல்லியாக இருக்கும் பெண்களை ஒரு கெட்ட வார்த்தை சொல்லிக் கூப்பிடுகிறார், உடனே சும்மாதான் சொன்னேன் என்று ஒரு சமாளிப்பு. பாட்டு வந்த காலத்திலேயே அங்கே நிறையப் பேர் இந்த இரண்டு இடத்தையும் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டார்கள், நியாயமான கேள்விதான்.

நமக்கு இது புதிதா என்ன. கொடியிடை, துடியிடை, நூலிடை, இடை என்று ஒன்று இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை என்று காலங்காலமாகப் பாடி வைத்திருக்கிறோம். அந்தப் பாட்டில் மெலிந்தவளுக்கு நூற்றுக்கு நூறு, இந்தப் பாட்டில் சதைப்பிடிப்பானவளுக்கு நூற்றுக்கு நூறு, பேப்பர் திருத்துகிறவர் மட்டும் மாறவே இல்லை, அதே பையன்தான் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறான். உங்கள் மகளைப் பின்னால் நிற்கச் சொன்ன பிள்ளைகளைத் திட்டி என்ன பயன், இத்தனை நாள் அவர்களைப் பின்னால் நிற்க வைத்தது யார்? முதல் தடவையாகத் தங்களுக்கென்று ஒரு பாட்டு கிடைத்திருக்கிறது, கையில் கிடைத்ததை வைத்து அடுத்தவளைத் தள்ளிப் பார்க்கிறார்கள்.

சரி, என்ன செய்யலாம்? அந்தச் சமாளிப்புக்கு அடுத்தபடியாக ஒரு வரி வருகிறது, அவசரத்தில் யாரும் கவனிப்பதில்லை. நீங்களும் உங்களைக் குண்டு என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள், தெரியும், ஆனால் உங்கள் உடம்பில் அடியிலிருந்து முடிவரை ஒவ்வோர் அங்குலமும் சரியாகத்தான் இருக்கிறது என்று ஒல்லிப் பெண்களைப் பார்த்தே சொல்கிறார். பாட்டிலேயே எனக்குப் பிடித்த இடம் அதுதான். டீச்சரிடம் தனியாகப் பேசி, அந்த வரிக்கு உங்கள் மகளை முன்னால் கொண்டுவரச் சொல்லுங்கள், மற்றவர்கள் அவளைச் சுற்றி நிற்கட்டும். கெட்ட வார்த்தை இல்லாத ரேடியோ பதிப்பு ஒன்று இருக்கிறது, மேடைக்கு அதைப் போடச் சொல்லவும் மறக்காதீர்கள், முன்வரிசையில் தாத்தா பாட்டிகள் இருப்பார்கள்.

மகளிடம் இன்னொரு கதையும் சொல்லுங்கள். 2016-ல் இதே மெகன் ட்ரெய்னரின் 'மீ டூ' என்ற பாட்டுக்கு வீடியோ வந்தது. பார்த்தால் அவருடைய இடுப்பையே அவரைக் கேட்காமல் கம்ப்யூட்டரில் ஒடுக்கியிருந்தார்கள். அவர் வீடியோவைத் தூக்கச் சொல்லி, செதுக்காத இடுப்போடு மறுபடி போட வைத்தார். உடம்பை அப்படியே ஏற்றுக்கொள் என்று உலகத்துக்கே பாடியவருக்கு அந்த கதி.

அப்புறம், எங்கள் கோத்தகிரிப் பக்கம் ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறீர்களா? சாயங்காலம் வட்டமாக நின்று ஆடுவார்கள், பாட்டியும் ஆடுவார், பேத்தியும் ஆடுவாள், மூட்டுவலிக்காரரும் இரண்டு அடி வைத்துவிட்டுப் போவார். வட்டத்தில் முன்வரிசை, பின்வரிசை ஏது? நான் தோழி வீட்டுக் கல்யாணங்களில் எத்தனையோ தடவை ஆடியிருக்கிறேன், என் சைஸை யாரும் பார்த்ததில்லை. சாப்பாட்டுப் பந்தியில் மட்டும் "என்ன, இப்படி ஊதிட்டே?" என்று கேட்டுவிடுவார்கள், அது வேறு விஷயம். ஒத்திகையில் வரிசையைக் கலைத்து வட்டமாக்க முடியுமா என்று டீச்சரிடம் கேட்டுப் பாருங்கள்.

கே: தமிழில் இப்படி ஒரு பாட்டுகூட இல்லையே, ஏன்?
- வாசகி, கொடைக்கானல்

ப: நிறத்துக்கு உண்டு. 2000-ல் வந்த 'வெற்றிக்கொடி கட்டு' படத்தில் 'கருப்புதான் எனக்குப் புடிச்ச கலரு', தேவா இசை, அனுராதா ஸ்ரீராம் குரல். சாமி கருப்பு, யானை கருப்பு, குயில் கருப்பு என்று அடுக்கிக்கொண்டே போகும், கறுப்பாகப் பிறந்த எத்தனையோ பேர் அந்த வருடம் கல்யாண வீடுகளில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்ததை நானே பார்த்தேன். ஆனால் அதுவும் ஒருத்தி ஒருவனைப் பிடித்திருக்கிறது என்று சொல்லும் பாட்டு. யாருக்கும் பிடிக்காவிட்டாலும் நான் கறுப்புதான், அதற்கென்ன என்று பாடினால் மெட்டுக்கு உட்காராதோ என்னமோ.

கே: ஆண்களைப் பற்றி யாருமே பேசுவதில்லை. எனக்கு 22 வயது, 49 கிலோ. கடையில் வேலை செய்கிறேன். 'காத்தடிச்சா பறந்துடுவே, பாக்கெட்ல கல்லு போட்டுக்கோ' என்கிறார்கள். நானும் சிரித்துவிட்டுப் போகிறேன்.
- ஒரு வாசகர், கூடலூர்

ப: தம்பி, சிரிக்காமல் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள். எதிர்த்துப் பேசவே வேண்டாம், சிரிப்பு வராத கேலியை மறுபடி சொல்ல ஆட்களுக்குச் சங்கடமாக இருக்கும். கூடலூர் ஆடி மாத மழைக்காற்றில் என்னைப் போன்றவர்களே குடையோடு தள்ளாடுகிறோம், உங்களை மட்டும் என்ன சொல்வது. திடீரென்று எடை குறைந்திருந்தால் மட்டும் டாக்டரைப் பாருங்கள், சின்ன வயதிலிருந்தே இதே உடல்வாகு என்றால் விடுங்கள். தசை கூட்டும் பவுடர் டப்பாவைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள், அதை வாங்குகிற காசில் தினம் இரண்டு முட்டை சாப்பிடலாம்.

கே: உடம்பை அப்படியே ஏற்றுக்கொள் என்று இளசுகளுக்குச் சொல்லிச் சொல்லியே சர்க்கரை நோயை வளர்க்கிறீர்கள். இதற்கு நீங்கள் பொறுப்பேற்பீர்களா?
- ஓய்வுபெற்ற ஒருவர், ஊட்டி

ப: ஐயா, கோபம் நியாயம்தான், ஆனால் ஆளைத் தவறாகப் பிடித்துவிட்டீர்கள். "குண்டு" என்று கூப்பிட்டால் சர்க்கரை குறைந்துவிடும் என்றால் என் சித்திக்கு அது வந்தே இருக்காது, அவரைக் கூப்பிடாத ஆள் கிடையாது. வெட்கப்பட்டு வாக்கிங்கூடப் போக மாட்டார், உங்கள் ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் யாராவது பார்த்துவிடுவார்களாம்.

எண் வேண்டுமென்றால் தருகிறேன். எடையை உயரத்தோடு ஒப்பிடும் பிஎம்ஐ என்கிற கணக்கைப் போட்டவர் அடால்ஃப் கெட்லே, பெல்ஜியம் நாட்டவர், 19-ஆம் நூற்றாண்டு. டாக்டர் அல்ல, புள்ளியியல்காரர். ஒரு ஜனக்கூட்டத்தின் சராசரியைப் பார்க்கத்தான் அவருக்கு அது தேவைப்பட்டது. பிறகுதான் அது ஆஸ்பத்திரிக்குள் வந்தது. நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 23-ஐத் தாண்டினாலே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இடுப்பளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதற்கு மேல் போனால் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் வந்தவர்களுக்கும் இது பொருந்தும், அவர்களை யாரும் குண்டு என்று சொல்வதில்லை, அதனால் அவர்கள் பரிசோதனைக்கும் போவதில்லை. அளப்பது வேறு, ஏளனம் வேறு ஐயா. நீங்களும் ஒரு தடவை அளந்து பாருங்கள். ஊட்டிக் குளிருக்கு ஸ்வெட்டர் மேல் டேப் வைத்தால் கணக்கு தப்பாக வரும், கழற்றிவிட்டு அளக்கவும்.

கே: எல்லோருக்கும் புத்தி சொல்கிறீர்களே, உங்கள் எடை எவ்வளவு?
- பெயர் வேண்டாம், கோத்தகிரி

ப: உள்ளூர்க்காரர்தான் இப்படிக் கேட்பார். நான் எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்தவள். சாயங்காலம் தேயிலை எடை போடும் இடத்தில் கொக்கித் தராசு தொங்கும். இலை மூட்டையெல்லாம் முடிந்ததும் பிள்ளைகள் ஒவ்வொருவராக அதில் தொங்குவோம், கங்காணி கத்துவார், முள் எங்கே நிற்கிறது என்று அவரே பார்த்தும் சொல்வார். ஆறாம் வகுப்பில் 31 கிலோ, லைனிலேயே நான்தான் அதிகம். கைதட்டினார்கள். அதற்கப்புறம் நான் எந்தத் தராசிலும் தொங்கவில்லை.