உயிர் பெறாத லேப்டாப்: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் ஆன் ஆகாத லேப்டாப்பைப் பற்றியவைதான் அதிகம். ‘ஆன் ஆகவில்லை’ என்று பலரும் ஒரே சொல்லில் எழுதுகிறார்கள். ஆனால் மின்சாரமே ஏறாதது, மின்சாரம் ஏறியும் திரை வராதது, திரை வந்தும் விண்டோஸ் ஏறாதது என்று அவை வெவ்வேறு பழுதுகள். எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று முதலில் பார்த்துவிட்டால் வேலை பாதி முடிந்த மாதிரிதான்.

கேள்வி: பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது. திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. பழுதுபார்ப்பவர் திறந்துகூடப் பார்க்காமல் ‘மதர்போர்டு போய்விட்டது’ என்கிறார். மாற்றிவிடலாமா?

வேண்டாம், பொறுங்கள். மதர்போர்டு என்ற தீர்ப்பு மற்றவை எல்லாவற்றையும் விலக்கிய பிறகு, கடைசியாக வர வேண்டியது.

லேப்டாப்பை ஆன் செய்து ஒரு நிமிடம் விட்டுவிட்டு கேப்ஸ் லாக் பொத்தானை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே ப்ராசஸர், ரேம் (தற்காலிக நினைவகம்), பயாஸ் (லேப்டாப்பைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) எல்லாம் வேலை செய்கின்றன என்று பெரும்பாலும் நம்பலாம். அப்போது பழுது திரைப் பக்கம். அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். லோகோவோ எழுத்தோ மங்கலாகத் தெரிந்தால் பேக்லைட் (திரைக்குப் பின்னாலிருந்து ஒளி தரும் விளக்கு) எரியவில்லை. (ஓலெட் திரையில் பேக்லைட்டே கிடையாது என்பதால் இந்தச் சோதனை அதற்குப் பொருந்தாது.) ஒன்றுமே தெரியாவிட்டால் ஹெச்.டி.எம்.ஐ. வழியாக வெளி மானிட்டரையோ டிவியையோ இணையுங்கள். அதில் படம் வந்தால் டிஸ்ப்ளே கேபிள் அல்லது திரைப் பலகையைச் சந்தேகிக்க வேண்டும். கேபிள் கீல் வழியாகப் போவதால், மூடித் திறந்தே உள்ளே நைந்துபோகும். மூடியை மெதுவாக அசைக்கும்போது படம் வந்து வந்து போகிறதா என்றும் பாருங்கள். டெல் லேப்டாப் என்றால் ‘டி’ பொத்தானைப் பிடித்துக்கொண்டு பவர் பட்டனை அழுத்தினால் திரை தன்னைத் தானே சோதித்து, ஒவ்வொரு நிறமாக முழுத்திரையில் காட்டும். நிறங்கள் சுத்தமாக வந்தால் திரையில் குறையில்லை.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. மூடி மூடப்பட்டிருக்கிறதா என்பதை லேப்டாப் காந்த சென்ஸார் மூலம்தான் அறிகிறது. வேறொரு லேப்டாப்பின் மேல் வைத்து இயக்கினாலோ, காந்தக் கொக்கி உள்ள கைச்சங்கிலி அணிந்திருந்தாலோ திரை அணைந்துவிடக்கூடும்.

கேப்ஸ் லாக் விளக்கு அசையவே இல்லையென்றால் அடுத்தது ரேம். பின்மூடியைக் கழற்றியதும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிரிப்பது. அடாப்டரைப் பிடுங்கிவிட்டால் மட்டும் போதாது. பேட்டரி இணைந்திருக்கும்வரை போர்டில் மின்சாரம் இருக்கிறது. ஸ்க்ரூ டிரைவர் முனை தவறிப் பட்டாலும் ஒரு சிப் போய்விடும். பிறகு ரேம் பக்கவாட்டுக் கிளிப் இரண்டையும் விரலால் விலக்குங்கள். ரேம் தானாகச் சாய்ந்து எழும். வெளியே எடுத்து, தங்க நிறப் பற்களை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட நார் உதிராத துணியால் துடைத்து, நன்றாக உலர விடுங்கள். ரப்பரால் தேய்க்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதன் துகள் ஸ்லாட்டுக்குள் போய்ப் புதுச் சிக்கலை உண்டாக்கும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. திரும்பப் பொருத்தும்போது சுமார் 30 டிகிரி சாய்வில் பற்கள் மறையும்வரை உள்ளே தள்ளி, பிறகு கீழே அமுக்குங்கள். இரண்டு கிளிப்பும் ‘க்ளிக்’ என்று பூட்ட வேண்டும். பற்கள் நீளமாக வெளியே தெரிந்தால் ரேம் உட்காரவில்லை என்று அர்த்தம்.

இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றையும் தனியாக ஒவ்வொரு ஸ்லாட்டிலும் போட்டுப் பாருங்கள். மொத்தம் நான்கு சோதனை. ஒரு ரேம் எந்த ஸ்லாட்டிலும் ஓடாவிட்டால் ரேம் பழுது. எந்த ரேமும் ஒரு குறிப்பிட்ட ஸ்லாட்டில் ஓடாவிட்டால் ஸ்லாட் பழுது. இங்கே அவசரம் கூடாது. ரேம் மாற்றிய பின் முதல் தடவை லேப்டாப் நினைவகத்தை அளந்து பழகிக்கொள்ள நேரம் எடுக்கும், டி.டி.ஆர்.5 என்ற புதிய வகை ரேம் என்றால் சில நிமிடம்கூடத் திரை கறுப்பாக இருக்கும். ஐந்து நிமிடமாவது காத்திருக்காமல் ‘இதுவும் வேலை செய்யவில்லை’ என்று முடிவு கட்டாதீர்கள். பழைய லேப்டாப்பில் வேறு ரேமை வாங்கிப் போட்டுப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1.35 வோல்ட் டி.டி.ஆர்.3எல் மட்டுமே ஏற்கும் லேப்டாப்பில் 1.5 வோல்ட் டி.டி.ஆர்.3 ரேம் ஸ்லாட்டில் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் திரை வராது.

கேள்வி: என் லேப்டாப்பில் ஒரு விளக்குகூட எரியவில்லை. மல்டிமீட்டர் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

அடாப்டரிலிருந்து. அதன் மேல் அச்சிட்டிருக்கும் வெளியீட்டு மதிப்பைப் படியுங்கள்: 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்பதுபோல் இருக்கும். மீட்டரை டி.சி. 200 வோல்ட் ரேஞ்சில் வையுங்கள். 20 வோல்ட் ரேஞ்ச் பல மீட்டர்களில் 19.99 வரைதான் காட்டும். 20 வோல்ட் அடாப்டர் நல்ல நிலையில் இருந்தாலும் அதில் வெறும் ‘1’ தெரியும். அதைப் பார்த்து நல்ல அடாப்டரைத் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு.

டெல், ஹெச்.பி. போன்ற பல அடாப்டர்களின் முனையில் நடுவே மெல்லிய ஊசி இருக்கும். அது மின்சாரம் தரும் ஊசி அல்ல, அடாப்டர் இன்னதென்று லேப்டாப்புக்குச் சொல்லும் சிக்னல் ஊசி. குழாயின் உட்சுவரில் சிவப்பு, வெளிச்சுவரில் கறுப்பு என்று அளவெடுங்கள். ப்ரோப் உட்சுவரையும் ஊசியையும் ஒன்றாகத் தொட்டுவிடக் கூடாது. அச்சிட்ட மதிப்பிலிருந்து 5 சதவீதத்துக்குள் இருந்தால் சரி. ஆனால் சுமை இல்லாமல் அளந்த வோல்டேஜ் பாதி உண்மைதான். லேப்டாப் மின்சாரம் இழுக்கும்போது அது சரிந்துவிடலாம். அதே வோல்டேஜும் அதே அல்லது கூடுதல் ஆம்பியரும் உள்ள இன்னொரு அடாப்டரை மாட்டிப் பார்ப்பதுதான் உறுதியான சோதனை.

டைப்-சி சார்ஜர் என்றால் கதை வேறு. சாதனம் இணையும்வரை அது மின்சாரமே வெளியிடாது. மீட்டரில் பூஜ்யம் காட்டினால் பழுது என்று அர்த்தமில்லை. கேபிளுக்கு நடுவே செருகும் டைப்-சி டெஸ்டர் ஒன்று இருந்தால் நல்லது. இணைந்ததும் முதலில் 5 வோல்ட், எத்தனை வோல்ட் வேண்டும் என்று சார்ஜரும் லேப்டாப்பும் தங்களுக்குள் பேசி முடித்த பின் பெரும்பாலும் 20 வோல்ட் என்று உயர வேண்டும். 5 வோல்ட்டிலேயே நின்றால் கேபிள், போர்ட், அல்லது போர்டில் உள்ள டைப்-சி கன்ட்ரோலர் ஆகிய மூன்றில் ஒன்று.

அடாப்டர் சரி என்று தெரிந்த பின், அதைப் பிடுங்கி, பேட்டரியையும் பிரித்து, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பவர் பட்டனைக் கவனித்துக்கொண்டிருக்கும் சிறு கன்ட்ரோலர் சில சமயம் குழம்பி நின்றுவிடும். மிச்ச மின்சாரம் வடிந்ததும் புதிதாகத் தொடங்கும். பிறகு பேட்டரி இல்லாமல் அடாப்டரில் மட்டும் ஆன் செய்து பாருங்கள். சில லெனோவா மாடல்களில் அடிப்பக்கம் ஊசித் துளை ஒன்று இருக்கும். பேப்பர் கிளிப் முனையால் அழுத்தினால் இதே வேலை நடக்கும்.

அடாப்டரில் விளக்கு இருந்தால் அதையும் பாருங்கள். லேப்டாப்பில் செருகியவுடன் அந்த விளக்கு அணைந்து, பிடுங்கியதும் மீண்டும் எரிந்தால் போர்டில் அல்லது ஜாக்கில் ஷார்ட் இருக்கிறது. அடாப்டர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடுகிறது. திரும்பத் திரும்பச் செருகாதீர்கள். முக்கிய மின்பாதையில் இருக்கும் ஒரு சிறு செராமிக் கெப்பாசிட்டரோ, மாஸ்ஃபெட் என்ற மின்சுவிட்சோ ஷார்ட் ஆவது இதற்கு வழக்கமான காரணம். சிப் அளவில் வேலை செய்பவரிடம் கொடுத்தால் அந்த ஒரு பாகத்தை மாற்றினாலே போதும், முழு போர்டு தேவையில்லை.

கேள்வி: பட்டனை அழுத்தியதும் விளக்கு விட்டுவிட்டு மின்னுகிறது. இதற்கு அர்த்தம் உண்டா?

நிச்சயம் உண்டு. எந்தப் பாகத்தில் தடுக்கி நின்றது என்று லேப்டாப்பே சொல்லும் தகவல் அது. மொபைலில் வீடியோ எடுத்து நிதானமாக எண்ணுங்கள். நடுவிலிருந்து எண்ணத் தொடங்கினால் தவறிவிடும். டெல் லேப்டாப்களில் ஆம்பர் (மஞ்சள் கலந்த ஆரஞ்சு) நிற மின்னலும் அடுத்து வெள்ளை மின்னலும் வரும். 2 ஆம்பர், 1 வெள்ளை என்றால் ப்ராசஸர். 2, 3 என்றால் ரேம் கண்டுபிடிக்கப்படவில்லை. 2, 4 என்றால் ரேம் பழுது. 2, 7 என்றால் திரை. 3, 1 என்றால் நாணய பேட்டரி (தேதியையும் பயாஸ் அமைப்புகளையும் காக்கும், நாணய வடிவச் சிறு செல்). ஹெச்.பி.யில் நீண்ட மின்னலும் குறுகிய மின்னலும்: 3 நீளம், 2 குறுகல் என்றால் நினைவகப் பக்கம் பாருங்கள். மாடலுக்கு மாடல் சிறு வேறுபாடு இருப்பதால், உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலை இறக்கி ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கம்பெனி லோகோ வருகிறது. பிறகு பூட் செய்ய டிஸ்க் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றுவிடுகிறது. விண்டோஸை மறுபடி போட்டால் சரியாகுமா?

அதை மட்டும் இப்போது செய்யாதீர்கள், உள்ளே இருக்கும் கோப்புகள் அழிந்துவிடும். பயாஸுக்குள் போய் (டெல்லில் எஃப்2, ஹெச்.பி.யில் எஃப்10, லெனோவாவில் பெரும்பாலும் எஃப்1 அல்லது எஃப்2) டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா பாருங்கள்.

பெயர் தெரியவில்லை என்றால், பேட்டரியைப் பிரித்துவிட்டு எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி மீண்டும் செருகுங்கள். எம்.2 வகை என்றால் மறுமுனையில் ஒரு சிறு ஸ்க்ரூ இருக்க வேண்டும். அது இல்லாமல் விட்டிருந்தால் அட்டை மேலே தூக்கிக்கொண்டு தொடர்பு விட்டுப்போகும்.

பெயர் தெரிந்தும் பூட் ஆகவில்லை என்றால் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருந்தால் சி.ஆர்.2032 நாணய பேட்டரி தீர்ந்து, பயாஸ் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும். புதிய செல் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும், 2.5க்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றுங்கள். பூட் முறை (விண்டோஸைத் தொடங்கும் விதம்) யூ.இ.எஃப்.ஐ.யிலிருந்து லெகஸிக்கு மாறியிருந்தாலும், டிஸ்க் முறை (டிஸ்க்கோடு பேசும் விதம்) ரெய்டிலிருந்து ஏ.ஹெச்.சி.ஐ.க்கு மாறியிருந்தாலும் நல்ல டிஸ்க்கிலிருந்தே விண்டோஸ் ஏறாது. பழைய அமைப்புக்குத் திருப்பினால் போதும். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருப்பவர்கள் பயாஸில் கை வைக்கும் முன் அந்த 48 இலக்க மீட்புச் சாவியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் ‘டக், டக்’ என்று சீராகத் தட்டினால் உடனே அணைத்துவிடுங்கள். தட்டும் டிஸ்க்கை ஓட்டுகிற ஒவ்வொரு நிமிடமும் தகவல் போய்க்கொண்டிருக்கிறது. சத்தம் இல்லை, மெதுவாகத்தான் இருக்கிறது என்றால் பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஏற்றி, டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள். 05, சி5, சி6 ஆகிய வரிகளின் கடைசி எண் பூஜ்யமாக இருக்க வேண்டும். ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் சாகிறது. அப்போது செக்டிஸ்க் (விண்டோஸின் டிஸ்க் பிழை திருத்தும் கருவி) ஓட்டுவது பெரிய தவறு. பலவீனமான டிஸ்க்கை அது முழுக்கப் படிக்க வைத்து, எழுதவும் வைக்கும். முதலில் டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் மென்பொருளால் வேறொரு பெரிய டிஸ்க்குக்கு முழு நகல், மீட்பு முயற்சியெல்லாம் அந்த நகலில்தான்.

கேள்வி: கீபோர்டில் தண்ணீர் கொட்டியது. அரிசிக்குள் வைத்து எடுத்தேன், இரண்டு நாள் ஓடியது. இப்போது ஆன் ஆகவில்லை.

அரிசியால் போர்டின் இடுக்கில் நிற்கும் நீரையோ அது விட்டுச்செல்லும் உப்பையோ எடுக்க முடியாது. லேப்டாப்பை அணைத்திருந்தாலும் பேட்டரியிலிருந்து சில பாதைகளில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஈரமும் மின்சாரமும் சேர்ந்தால் செம்பு அரிக்கத் தொடங்கும். இரண்டு நாள் கழித்து நின்றதற்குக் காரணம் இதுதான். உடனே பேட்டரி கனெக்டரைப் பிரியுங்கள். போர்டை வெளியே எடுத்து இரு பக்கமும் பாருங்கள். பச்சை அல்லது வெள்ளைப் பொடி படிந்த இடங்களை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷும் கொண்டு துலக்கி, ஒரு நாள் முழுக்க உலர விடுங்கள். கனெக்டர்களின் உட்புறத்தை விட்டுவிடாதீர்கள். பவர் பட்டன் கீபோர்டோடு சேர்ந்திருக்கும் மாடலாக இருந்தால், போர்டு நன்றாக இருந்து கீபோர்டு மட்டுமே கெட்டிருக்கவும் வாய்ப்பு அதிகம்.

கேள்வி: பயாஸ் அப்டேட் நடக்கும்போது மின்சாரம் போய்விட்டது. இப்போது ஃபேன் மூன்று விநாடி சுற்றி நின்று, மறுபடி சுற்றுகிறது.

பயாஸ் பாதியில் எழுதப்பட்டிருக்கிறது. பல லேப்டாப்களில் மீட்பு வழி உள்ளேயே உண்டு. உங்கள் மாடலுக்கான பயாஸ் கோப்பை, தயாரிப்பாளர் சொல்லும் பெயரில், எஃப்.ஏ.டி.32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் வையுங்கள். ஹெச்.பி.யில் விண்டோஸ் பொத்தானையும் ‘பி’யையும் பிடித்துக்கொண்டு பவர் பட்டனை 2, 3 விநாடி அழுத்த வேண்டும். டெல்லில் கன்ட்ரோலும் எஸ்கேப்பும் பிடித்தபடி அடாப்டரைச் செருக வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் 8 கால் பயாஸ் சிப்பை ப்ரோகிராமர் என்ற கருவியால் எழுத வேண்டும். எழுதுபவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். சிப் 3.3 வோல்ட்டா 1.8 வோல்ட்டா என்று பார்த்தாரா? பழைய உள்ளடக்கத்தை இரண்டு முறை படித்து, இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுச் சேமித்தாரா? லேப்டாப்பின் சீரியல் எண்ணும் விண்டோஸ் உரிமச் சாவியும் அந்தச் சிப்பில்தான் இருக்கின்றன.

கேள்வி: பேட்டரியைக் கழற்றினால் ஆன் ஆகிறது, மாட்டினால் ஆவதில்லை. டச்பேட் கொஞ்சம் மேலே எழும்பியிருக்கிறது.

பேட்டரி உப்பியிருக்கிறது. திரும்ப மாட்டவே வேண்டாம், சார்ஜும் போடாதீர்கள். உலோகக் கரண்டியாலோ ஸ்க்ரூ டிரைவராலோ நெம்பி எடுத்தால் துளைபட்டுத் தீப்பிடிக்கும். பசையால் ஒட்டியிருந்தால் அனுபவமுள்ளவரிடம் எடுக்கச் சொல்லுங்கள். எடுத்ததைக் குப்பையில் போடாமல், எரியக்கூடிய பொருள்கள் அருகில் இல்லாத இடத்தில் தனியாக வைத்து, மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். அதுவரை அடாப்டரில் மட்டும் வேலை பார்க்கலாம். சில மாடல்கள் பேட்டரி இல்லாதபோது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அது பழுதல்ல.