ஒன்பது புள்ளி தூரம்

கேள்வி: மதிப்புக்குரிய ஐயா, எனக்கு வயது 33. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். 2015 முதல் சென்னையின் எஃப்சி அணியின் ரசிகன். கம்பெனியில் எல்லோரும் கிரிக்கெட் பேசுவார்கள். கால்பந்து பேச நான் ஒருவன்தான். 2024-25 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) சீசனில் 13 அணிகளில் 11ஆவது இடம் வந்ததிலிருந்து கேலி தாங்க முடியவில்லை. தோற்ற இரவுகளில் வீட்டில் யாருக்கும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று மனைவியும் குறைப்படுகிறாள். அடுத்த சீசனுக்கு யார் யாரை எடுத்தால் அணி தேறும் என்று பத்துப் பேரின் பட்டியல் எழுதி இணைத்திருக்கிறேன். சரியா என்று பாருங்கள். எதை நம்பி இன்னும் ஒரு வருடம் காத்திருப்பது? ஓர் ஆட்டத்துக்காவது சென்னைக்குப் போய் நேரில் பார்க்கலாமா, டிவியே போதுமா?
(பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்: தம்பி, பட்டியலைப் பார்த்தேன். பத்துப் பேரில் எட்டுப் பேர் வெளிநாட்டவர். அந்த எட்டில் ஆறு பேர் முன்கள ஆட்டக்காரர்கள். கோல்கீப்பர் ஒருவரும் இல்லை, பின்களத்துக்கும் ஒருவரும் இல்லை. இந்த அணியை இறக்கினால் ஆட்டம் 5-5 என்று முடியும். பார்க்க நன்றாக இருக்கும், புள்ளி ஒன்றுதான் கிடைக்கும்.

முதலில் அந்த 11ஆவது இடத்தைக் கொஞ்சம் ஆற அமரப் பார்ப்போம். 2023-24 சீசனில் இதே சென்னையின் 6ஆவது இடம் பிடித்து, முதல் ஆறு அணிகள் கோப்பைக்காக மோதும் பிளேஆஃப் சுற்றுக்குப் போனது நினைவிருக்கும். அப்போது 22 ஆட்டங்களில் 27 புள்ளிகள். 2024-25 சீசனில் 24 ஆட்டங்களில் எத்தனை? அதே 27. அணி பாதாளத்துக்குப் போய்விடவில்லை. நின்ற இடத்திலேயே நின்றது, மற்றவர்கள் தாண்டிப் போய்விட்டார்கள். 6ஆவது இடம் பிடித்த மும்பை எடுத்தது 36 புள்ளிகள். இடைவெளி ஒன்பது புள்ளி. வெற்றிக்கு மூன்று புள்ளி, அதாவது மூன்று வெற்றி. உங்கள் கம்பெனி நண்பர்களுக்கு 11 என்ற எண் மட்டும்தான் தெரியும். நீங்கள் மூன்று வெற்றி என்று நினைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சடைப்பு பாதி குறையும்.

அந்த மூன்று வெற்றியை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு.

ஐஎஸ்எல் தொடங்கிய காலத்தில் ஒரு அணி ஆறு வெளிநாட்டவரைக் களத்தில் இறக்கலாம். 2017-18 சீசனில் அது ஐந்தாகக் குறைந்தது, 2021-22இல் நான்கானது. பதினொரு பேரில் ஏழு பேர் இந்தியர்கள். இப்போது சென்னையின் வரலாற்றை இந்த விதியோடு சேர்த்துப் பாருங்கள். ஆறு பேர் காலத்தில், 2015இல், ஒரு கோப்பை. ஐந்து பேர் காலத்தில், 2017-18இல், இன்னொரு கோப்பை. 2019-20இல் இறுதி ஆட்டம் வரை போனார்கள். நான்கு பேர் என்று ஆன பிறகு? 8, 8, 6, 11 என்று அட்டவணையில் இடங்கள். விதி மாறிக்கொண்டே வந்திருக்கிறது. நம் ரசிகர்களின் ஆசைப் பட்டியல் மட்டும் 2015இலேயே நின்றுவிட்டது. உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த வருடம் ரசிகரானவர் நீங்கள். அட்டவணையின் அடியில் கிடந்த அணி கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் வென்று மேலே ஏறியது. கோவாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது 1-2 என்று பின்தங்கி, அதற்குப் பிறகு இரண்டு கோல் போட்டுக் கோப்பையைத் தூக்கியது. கடைசி கோலை அடித்தவர் கொலம்பியாவின் மெண்டோசா, அந்த சீசனில் மொத்தம் 13 கோல். அதைப் பார்த்து ரசிகரானவருக்கு ஒவ்வொரு வருடமும் ஒரு மெண்டோசா வருவான் என்று தோன்றத்தான் செய்யும்.

யூடியூபில் நான்கு நிமிட வீடியோவைப் பார்த்துத்தான் இந்த ஸ்ட்ரைக்கர்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். திருப்பூர்க்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை: அது சாம்பிள் பீஸ். பையர் கையில் கொடுக்கும்போது எல்லா சாம்பிளும் அழகாகத்தான் இருக்கும். பல்க் போகும்போது தையல் நிற்கிறதா என்பதுதான் கேள்வி. சீசன் முழுக்க நிறுத்திப் பிடிக்கப்போவது அந்த ஏழு இந்தியர்கள்.

2018 மார்ச் 17, பெங்களூரு. இறுதி ஆட்டம். 9ஆவது நிமிடத்திலேயே எதிரணி பெங்களூரு எஃப்சியின் சுனில் சேத்ரி கோல் அடித்துவிட்டார், மைதானம் முழுக்க அவர்கள் ஆட்கள். அந்த ஆட்டத்தை சென்னையின் 3-2 என்று வென்றது. முதல் இரண்டு கோலும் கார்னர் கிக்கில் வந்தவை. இரண்டையும் தலையால் முட்டிப் போட்டவர் மைல்சன் ஆல்வெஸ், பிரேசில்காரர், பின்கள ஆட்டக்காரர்! மூன்றாவது கோல் நடுக்களத்து ரஃபேல் அகஸ்டோவுடையது. அந்த அணியின் நடுக்களத்தில் ஓடி ஓடிப் பந்தைப் பறித்தவர்களில் ஒருவர் வியாசர்பாடித் தெருக்களில் ஆடி வளர்ந்த தன்பால் கணேஷ். முன்களத்தில் மிசோரம் ஜெஜெ அந்த சீசனில் 9 கோல் அடித்தார். இளம் பையனாக அனிருத் தாபா இருந்தார். அடுத்த சீசனில் அதே பயிற்சியாளர் ஜான் கிரெகரி. கணேஷ் முழங்கால் காயத்தால் வெளியே. ஜெஜெவின் காலில் கோல் வறண்டுவிட்டது. 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள், கடைசி இடம். சாம்பியன் அணி ஒரே வருடத்தில் கடைசிக்குப் போனதற்கு இது மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். முதுகெலும்பில் இரண்டு பேர் இல்லாமல் போனால் நடப்பது இதுதான் என்று மட்டும் சொல்வேன். அதற்கடுத்த வருடம், டிசம்பரில் ஓவன் கோயல் வந்து பொறுப்பேற்று, தடுமாறிக்கொண்டிருந்த அணியை இறுதி ஆட்டத்துக்கே கொண்டுபோனார். ஸ்ட்ரைக்கர் வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்தார் என்று எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். அந்த அணியில் ஓயாமல் ஓடிய எட்வின் சிட்னி வன்ஸ்பாலை எத்தனை பேர் நினைவு வைத்திருக்கிறார்கள்?

எட்வின் எங்கிருந்து வந்தார் என்பது நம் ஊர்க் கதை. உங்கள் கேள்விக்கான விடை கிட்டத்தட்ட அங்கேதான் இருக்கிறது.

கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தை உங்களுக்குத் தெரியும். வ.உ.சி. பூங்காவுக்குப் பக்கத்தில், கேலரிக்கு அடியில் கடைகளைச் சுமந்துகொண்டு நிற்கும் அதே ஸ்டேடியம்தான். பெயரில் சென்னையை வைத்துக்கொண்டு சென்னை சிட்டி எஃப்சி என்ற வேறொரு அணி இங்கேதான் ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய லீக்கை ஆடியது. (பெயரை மாற்றச் சொல்லி அன்று நம் ஆட்கள் யாரும் சண்டை போடாதது எனக்கு இன்றும் ஆச்சரியம்.) 2017-18இல் பத்து அணிகளில் 8ஆவது இடம். அடுத்த சீசனுக்கு சிங்கப்பூரிலிருந்து அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். ஸ்பெயினிலிருந்து மான்சி, நெஸ்டர், சாண்ட்ரோ, எஸ்லாவா என்று நான்கு பேர். ஆனால் அவர்களைச் சுற்றி ஓடியவர்களில் பலர் எட்வினைப் போன்ற நம் மாநிலத்துப் பையன்கள். 2019 மார்ச் 9, கடைசி ஆட்டம். மினெர்வா பஞ்சாப் ஆட்டம் தொடங்கியவுடனே கோல் போட்டுவிட்டது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருந்தது. இங்கே நழுவினால் கோப்பை கொல்கத்தாவுக்கு. இடைவேளைக்குப் பிறகு பெனால்டியில் மான்சி சமன் செய்தார். அதற்குப் பிறகு இரண்டு கோல் போட்டவர் கௌரவ் போரா. அவரும் பின்களக்காரர்தான். 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. 8ஆவது இடத்திலிருந்து ஒரே வருடத்தில் சாம்பியன், அதுவும் நம் ஊரில்!

மான்சி 21 கோல் அடிக்காமல் அது நடந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். பிறகு நெஸ்டர் போனார், அடுத்த சீசன் நடுவில் மான்சி ஜப்பானுக்குப் போனார், அணியும் பழைய நிலைக்கு வரவில்லை. இதிலிருந்து நீங்கள் "பார்த்தீர்களா, வெளிநாட்டவர்தான் முக்கியம்" என்று வாதிடலாம். நான் வேறு மாதிரி பார்க்கிறேன். நான்கு பேரை மட்டும் நம்பி நிற்கும் அணி, அந்த நான்கு பேருக்கு வேறு நல்ல வாய்ப்பு வரும் நாள் வரைதான் நிற்கும். ஏழு பேரைச் சேர்த்து வைத்திருந்தால் நான்கு பேரை மாற்றிக்கொள்ளலாம்.

ஆகவே அடுத்த சீசனுக்கு என் ஆசைப் பட்டியல் சப்பென்று இருக்கும். இரண்டு வருடமாவது ஒன்றாக ஆடும் இந்தியப் பின்களம். உயரத்தில் வரும் பந்தை விட்டுவிடாத கோல்கீப்பர். கார்னரையும் ஃப்ரீகிக்கையும் வாரம் தவறாமல் பழகுவது. அதற்குச் செலவே இல்லை, 2018 கோப்பையே அப்படி வந்ததுதான். 2016இல் இளைஞனாக வந்து 2023 வரை இருந்த தாபாவைப் போல, நீண்ட காலம் வைத்துக்கொள்ளும் நோக்கத்தில் எடுக்கும் இரண்டு இளைஞர்கள். இதற்கெல்லாம் பிறகு ஸ்ட்ரைக்கர். உங்கள் பட்டியலில் இருக்கும் அந்த இரண்டு இந்தியர்களைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த குறிப்பு, உள்ளபடியே, மற்ற எட்டையும்விட நன்றாக இருந்தது. அவர்களுடைய ஆட்டத்தைப் பல மாதம் பார்த்து எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது.

நம்பிக்கைக்கு ஒரு காரணம் கண்ணில் படுகிறது. இரண்டாவது முறையாக வந்திருந்த கோயல் போய், 2025இல் கிளிஃபோர்ட் மிராண்டா பயிற்சியாளராக வந்தார். கோவாக்காரர், இந்திய அணிக்கு ஆடியவர், 2023இல் ஒடிசா அணியோடு சூப்பர் கோப்பை வென்றவர். இந்திய வீரர்களை அறிந்துகொள்ள அவருக்கு ஆறு மாதம் தேவைப்படாது. கவலைக்கும் காரணம் இருந்தது, அது பெரிது. லீக்கை நடத்தும் நிறுவனத்துக்கும் கால்பந்து சம்மேளனத்துக்கும் உள்ள ஒப்பந்தம் 2025 டிசம்பரோடு முடிவதாக இருந்தது. அது தெளிவாகும் வரை சீசனை நிறுத்தி வைப்பதாக 2025 ஜூலையில் அறிவித்தார்கள். எனவே யாரை எடுப்பது என்பதற்கு முன்னால், ஆட்டம் நடக்குமா என்பதே கேள்வியாக இருந்தது. சம்பளம் எப்போது வரும் என்று தெரியாத வீரனை நாம் கார்னர் பழகவில்லை என்று திட்டுவது நியாயமில்லை.

வீட்டு விஷயத்தில் உங்கள் மனைவி பக்கம்தான் நான். ஆட்டம் ஏழரைக்குத் தொடங்கி ஒன்பதே காலுக்கு மேல் முடிகிறது. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுப் படுக்கப்போகும் நேரம் அது. அணி தோற்றதற்கு அவர்கள் எந்த வகையிலும் பொறுப்பில்லை. ஆட்டம் முடிந்த பிறகு செல்போனை எடுத்து, எல்லோரும் என்ன திட்டுகிறார்கள் என்று நள்ளிரவு வரை படிக்கிறீர்கள் அல்லவா? முகம் தொங்குவதற்கு ஆட்டத்தைவிட அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அதை மறுநாள் டீ நேரத்துக்குத் தள்ளிப் போடுங்கள். அடுத்த ஆட்டத்தில் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரே ஓர் ஆட்டக்காரரைக் காட்டுங்கள். இடது ஓரத்துப் பின்களக்காரரை, அதாவது லெஃப்ட் பேக்கைக் காட்டுங்கள், ஸ்ட்ரைக்கரை வேண்டாம். பந்து அந்தப் பக்கம் இருக்கும்போது இவர் எங்கே நிற்கிறார் என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். மனைவிக்குப் பிடிக்காமல் போனால் வற்புறுத்தாதீர்கள்.

கம்பெனிக் கேலிக்கு மருந்து இல்லை. கோயம்புத்தூர்க் குசும்பு என்று சொன்னாலும் திருப்பூரில் அதற்குக் குறைச்சல் கிடையாது. நீங்களும் திருப்பிக் கொடுங்கள்.

நேரில் போக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் போங்கள். டிவி பந்தின் பின்னாலேயே ஓடும். நான் சொன்ன ஏழு பேரில் ஐந்து பேர் பெரும்பாலான நேரம் திரையிலேயே இருக்க மாட்டார்கள். கேலரியின் மேல் வரிசையில் உட்கார்ந்தால், பந்து எதிரணியிடம் போன அந்த நொடியில் பின்களம் நான்கும் ஒன்றாக நகர்கிறதா, ஒருவர் மட்டும் தூங்குகிறாரா என்பது கண்ணுக்கு நேராகத் தெரியும். காலையில் கோவை எக்ஸ்பிரஸில் ஏறினால் மதியத்துக்குச் சென்னை. சென்னை நேரு ஸ்டேடியம் சென்ட்ரலிலிருந்து நடக்கும் தூரம்தான். திரும்புவதற்கு நீலகிரி எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். அது ஒன்பது மணி வாக்கிலேயே கிளம்பிவிடும், கடைசிக் கால் மணி நேரத்தை விட்டுவிட்டு ஓட வேண்டியிருக்கும். சேரன் எக்ஸ்பிரஸ் பத்து மணி வாக்கில். இடையில் ஒரு பரோட்டாவுக்கும் நேரம் இருக்கிறது. விடிவதற்குள் திருப்பூரில் இறங்கிவிடலாம், ஷிஃப்டுக்குத் தாமதமாகாது. அட்டவணை வந்தவுடன் பதிவு செய்துவிடுங்கள். சனிக்கிழமை இரவு அந்த வண்டியில் இடம் கிடைப்பது லேசில்லை.